காற்று தப்பு செய்யாது

செத்துப்போனவர்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். அவர் செத்துப்போனவர்களைப் பற்றிக் குறையைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. ஆகவே நான் இப்போது அவரைப் பற்றி எழுதுவதில் அவருக்கு ஆட்சேபணை இருக்க நியாயமில்லை. இருந்தால் எழுந்து வந்து சொல்லட்டும். அவர் உயிரோடு இருந்தபோதே நான் அவருக்குப் பயந்தவள் இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் ஒரு சின்ன மருந்தகத்தில் நர்ஸாக இருந்தேன். எனக்கு வீடு நாகலூரில். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கி, மருந்தகத்துக்குப் போகிற வழியில் அவருடைய பங்களாவில் நுழைந்து, அவருக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டுப் போவேன். ஊரில் அவரைக் கேப்டன் என்றார்கள். விமானம் ஓட்டியவர். ஓட்டியதைவிட ஓட்டக் கற்றுக்கொடுத்த காலம்தான் அதிகம். ஏதோ ஒரு பெரிய ஊரில் விமானிகளைப் பழக்கும் பள்ளி ஒன்றில் தலைமைப் பயிற்சியாளராக இருந்து, ஓய்வு பெற்றதும் கொஞ்சம் காப்பித் தோட்டத்தோடு அந்தப் பங்களாவை வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார். மனைவி பெங்களூரில் மகளோடு இருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஒரு வாரம் அந்த வீட்டுக்குப் போய்வந்தால் யாருக்கும் அந்தக் கேள்வி வராது.

தானே ஊசி போட்டுக்கொள்ளத் தெரியாதவரில்லை. கை நடுங்கும். ‘வைப்ரேஷன்’ என்பார், யாருடைய இன்ஜினையோ பற்றிச் சொல்வதுபோல. அந்த நடுக்கம் முதன்முதலில் வந்தது ஒரு காலையில் டீ குடிக்கும்போதாம். பக்கத்தில் யாரும் இல்லை. யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கே பள்ளிக்குப் போய், இனி நான் விமானத்தில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். இன்னும் சில வருஷம் மறைத்து ஓட்டியிருக்கலாம், பலர் அப்படிச் செய்கிறார்கள் என்று அவரே சொன்னார். இதை மட்டும் நான் இன்றைக்கும் மதிக்கிறேன். மீதியைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சொன்னேன்.

முதல் நாள் ஊசியை எடுத்ததுமே எனக்குப் பரீட்சை வைத்தார். மருந்து கூடிப் போய் நான் செத்துவிட்டேன், யார் தப்பு என்றார். என் தப்புதானுங்க என்றேன். பாட்டிலில் லேபிள் அழிந்திருந்தது என்றார். லேபிள் அழிந்த பாட்டிலை எடுத்தது என் தப்புங்க என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாஸ்” என்றார். நானும் பூரித்துத்தான் போனேன். கடுமையான மேட்ரனிடம் வேலை கற்றவள் நான். கண்டிப்பானவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போகும்.

அந்த வீட்டில் சமையலுக்கு இருந்தவர் செம்மநத்தத்துப் பொன்னுசாமி. ஒருநாள் காப்பித் தட்டோடு வரும்போது வீட்டு நாய் அவர் காலுக்கடியில் புகுந்துவிட்டது. தட்டும் கோப்பைகளும் தரையில். நாங்கள் என்றால் நாயை இரண்டு வைது, துடைத்துவிட்டு, வேறு காப்பி போடுவோம். கேப்டன் விசாரணை வைத்தார். பொன்னுசாமியை நேராக நிற்கச் சொன்னார். எங்கிருந்து வந்தாய், எதைப் பார்த்துக்கொண்டு வந்தாய், நாய் எந்தப் பக்கம் படுத்திருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குரல் உயரவே இல்லை. நான் பொறுக்காமல், நாய் குறுக்கே வந்தால் அவர் என்ன செய்வார் என்றேன்.

“நாய் வரும், சிஸ்டர். மழை வரும். பனி மூடும். காத்து திரும்பும். இதுங்க எதுவும் தப்பு பண்ணாது. காத்து தப்பு பண்ணினதா சரித்திரமே கிடையாது. தட்டு யார் கையில இருந்தது?”

“என்ற கையிலதானுங்க” என்றார் பொன்னுசாமி.

அவ்வளவுதான், போகலாம் என்றுவிட்டார். சம்பளத்தில் பிடிக்கவில்லை, திட்டவில்லை. தப்பு என்னுடையது என்று தப்பு செய்த ஆள் தன் வாயால் சொல்ல வேண்டும், அதை இவர் கேட்க வேண்டும். அதோடு அவருக்குத் திருப்தி. பொன்னுசாமி பிறகு சமையலறையில் என்னிடம் சொன்னார், நாலு வார்த்தை வைதிருந்தாலும் சாயங்காலத்துக்குள் மறந்திருக்கும், இது ராத்திரி படுத்தால்கூட நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று.

அந்த வீட்டில் இன்னொரு சட்டம் உண்டு. அவராகக் கேட்காமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் வாசற்படியில் நின்று ஒருமுறை தொண்டையைச் செரும வேண்டும். அவர் நாற்காலிக் கையில் விரலால் தட்டினால் பேசலாம். தட்டாவிட்டால் நிற்க வேண்டியதுதான். பொன்னுசாமி செருமிவிட்டு நிற்பார். கேப்டன் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். உள்ளே பால் பொங்கி வழியும். அந்த வீட்டில் எப்போதும் பால் தீய்ந்த வாடைதான். நான் மட்டும் செருமமாட்டேன். “ஊசிங்க சார்” என்று சொல்லிக்கொண்டே நேராக உள்ளே போய்விடுவேன். உடம்பு என்று வந்தால் துரையானாலும் சட்டையைத் தூக்கித்தானே ஆக வேண்டும்.

செருமல் அவருடைய பள்ளிக்கூடத்து வழக்கம். ஒரு காலை மூடுபனியில் தோட்டத்து வேலை எதுவும் நடக்காமல் இருந்தபோது, தாழ்வாரத்தில் இரண்டு பிரம்பு நாற்காலிகளைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, ஒன்றில் தான் உட்கார்ந்து, இன்னொன்றில் என்னை உட்காரவைத்து விளக்கினார். விமானத்தில் இரண்டு பேர் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் ஓட்டுவான். ஓட்டுகிறவன் காதில் இன்னொருவன் தொணதொணத்தால் இரண்டு பேரும் சாக வேண்டியதுதான். அவருடைய சிநேகிதன் ஒருவன் அப்படித்தான் செத்தானாம். இறங்குகிற நேரத்தில் பக்கத்தில் இருந்தவன் கத்தினானாம், இவன் பதறித் திருப்பினானாம். ஆகவே அவரிடம் படித்தவர்கள் யாராக இருந்தாலும், காதில் மாட்டிய கருவி வழியாக ஒருமுறை செரும வேண்டும். அவர் முழங்காலில் தட்டினால் பேசலாம். மீறினால் இரும்பு ஸ்கேல் இருக்கும். “ரெண்டு பேர் ஓட்டினா யாருமே ஓட்டலைன்னு அர்த்தம்” என்றார். எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நான் வேலை கற்ற ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறையிலும் டாக்டர் கத்தியை எடுத்துவிட்டால் நாங்கள் மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுவோம்.

மாணவர்களில் ஒருவர் பெயரும் அவருக்கு நினைவில் இருக்காது. சக்கரத்தை இறக்க மறந்தவன், எண்ணெய் பார்க்காமல் கிளம்பினவன், தரையைப் பார்த்து மயங்கினவன் என்று தப்பை வைத்துத்தான் ஆளைச் சொல்வார். தப்பே செய்யாதவன் ஒருவன் இருந்திருந்தால் அவனை எப்படி ஞாபகம் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் நாகலூர் பஸ் டிரைவர் ஒருவர் இறந்தபோது நடந்ததை ஊரே இன்னும் மறக்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மனுஷன் பஸ்ஸை மலைப்பக்கம் திருப்பி மோதி நிறுத்தினார். உள்ளே இருந்தவர்களுக்குச் சின்னச் சின்னக் காயங்களோடு போயிற்று. அவர் மட்டும் இறந்தார். ஊர் அவரைச் சாமி என்றது. கேப்டனும் துக்கத்துக்கு வந்தார். மாலை போட்டார். போட்டுவிட்டு, செத்தவரின் தம்பியைப் பார்த்து, மேலேயே கியரைக் குறைத்திருந்தால் கீழே பிரேக் தேவைப்பட்டிருக்காது, அது உங்கள் அண்ணனுடைய தப்பு என்றார். ஒப்பாரி நின்றுபோனது. ஆண்கள் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். நான்தான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இழவு வீட்டில் இதைச் சொல்ல வேண்டுமா என்று வழியெல்லாம் சண்டை போட்டேன். பொய் சொல்லியிருக்க வேண்டுமா என்று கேட்டார். சும்மா இருந்திருக்கலாம் என்றேன். நான் சும்மா இருந்தால் நாளைக்கு அடுத்த டிரைவர் அதே கியரில் இறங்குவான் என்றார். அந்த ஆளோடு எனக்கிருந்த தொல்லையே இதுதான். மறுநாளிலிருந்து டிரைவர்கள் எல்லாரும் கேப்டனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே மேலேயே கியரைக் குறைத்துக்கொண்டு இறங்கினார்கள். நான் அந்தப் பஸ்ஸில்தான் தினமும் போய்வந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் ரேடியோவில் அந்தச் செய்தி வந்தது. ஒரு பயணிகள் விமானம் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் மேகத்துக்குள் ஒரு குன்றில் மோதிவிட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. கேப்டன் ரேடியோவை அணைத்தார். “கீழ வந்துட்டான்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார், நான் ஊசி போட்டேன். சில மாதம் கழித்து அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஓட்டியவரும் பக்கத்தில் இருந்த துணை விமானியும் வேறு வேறு வருஷங்களில் அவரிடம் படித்தவர்களாம். போய்விட்டு வந்து, ரெண்டு பேர் மேலேயும் தப்பு என்று மட்டும் சொன்னார். பேப்பரிலும் பிறகு அப்படித்தான் போட்டிருந்தது.

ஒருநாள் காலை ஒண்டிக்கடையில் இறங்கினேன். என்னோடு இறங்கிய ஒரு அம்மா கையில் துணிப்பையோடு திகைத்து நின்றார்.

“ஏனுங்க, ஏரோப்ளேன் ஓட்டச் சொல்லிக் குடுத்த சாரு ஊடு எங்கீங்க?”

ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். இறந்துபோன துணை விமானியின் அம்மா. நடந்துகொண்டே சொன்னார். கணவர் ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் விமானம் ஓட்டப் போனதில் ஊரிலேயே அவர்தான் தலை நிமிர்ந்து நடந்தவர். பேப்பரில் விமானிகளின் தப்பு என்று வந்த அன்றைக்கு மகனுடைய போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்துவிட்டாராம். அத்தனை பேரைக் கொன்றவனை என் சுவரில் மாட்டமாட்டேன், அவனுக்குத் திதியும் கொடுக்கமாட்டேன் என்கிறாராம். ஒரே பையன். ஒரு பூ வைக்கக்கூட இடமில்லை என்று அந்த அம்மா சொன்னபோது அழவில்லை. அழுது முடித்தவர்களின் குரல் எனக்குத் தெரியும்.

“சாரு ஒரு வார்த்த சொல்லிப்போட்டா அவங்கப்பா கேட்டுக்குவாருங்க. வேற ஆரு சொன்னாலும் காதுல போட்டுக்க மாட்டேங்கறாரு. எம் பையன் சாரு பேச்சு எடுத்தாலே இவரு எந்திரிச்சு உக்காந்துதான் கேப்பாருங்க.”

கேப்டன் அவரை மரியாதையாகத்தான் வரவேற்றார். தன் நாற்காலியைக் காட்டினார். அந்த அம்மா உட்காரவில்லை. பையன் பெயரைச் சொன்னார். கேப்டனுக்கு நினைவு வரவில்லை. வருஷத்தைச் சொன்னார். அதுவும் உதவவில்லை. அந்த அம்மா தன் இடது கையை நீட்டி மோதிர விரலின் முட்டியைத் தொட்டுக் காட்டினார்.

“இந்த எடத்துல தழும்புங்க. மொத நாளே பேசிப்போட்டான்னு நீங்க அடிச்சதுங்க. ஊட்டுக்கு வாரப்பெல்லாம் அதக் காட்டிக் காட்டி அவனுக்கு அத்தன பெருமைங்க.”

“ஓ, அந்த வாயாடியா” என்றார் கேப்டன். சந்தோஷமாகவே சொன்னார். முதல் தடவை மேலே போனபோது, தான் இறக்கிக்கொண்டிருக்கையில் ‘சார், மரம்’ என்று கத்தியவன் அவன்தானாம். மரம் இருந்தது தனக்குத் தெரியாதா என்று ஒன்று வைத்தாராம். அதற்குப் பிறகு அவன் அனுமதி இல்லாமல் ஒரு சொல் பேசியதில்லையாம். அருமையாகத் தேறி வந்தானாம். அந்த அம்மாவின் முகம் அப்போது எப்படி மலர்ந்தது என்று நான் பார்த்தேன். பிள்ளையின் மார்க்கைக் கேட்கிற முகம் அது. அதோடு விட்டிருக்கலாம். நான் மனதுக்குள் கர்த்தரை வேண்டிக்கொண்டேன், இதோடு விட்டுவிடட்டும் என்று.

அந்த அம்மா கேட்டார். “எம் பையன் தப்பு பண்ணுனானுங்களா?”

“பண்ணினான்” என்றார் கேப்டன்.

பிறகு விளக்கினார். விளக்காமல் விட அவருக்குத் தெரியாது. ஓட்டியது மற்றவன். மேகத்துக்குள் அளவுக்கு மீறிக் கீழே வந்தவனும் அவன்தான். ஆனால் உயரம் காட்டுகிற முள் உங்கள் பையன் முன்னாலும் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். எப்படித் தெரியும் என்றால், விமானத்துக்குள் பேசுவது டேப்பில் பதிவாகும், அதைத் தனக்குப் போட்டுக் காட்டினார்கள்.

“செருமினான். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவை செருமினான். அப்புறம் மோதின சத்தம்தான்.”

வாசற்படியில் காப்பித் தட்டோடு நின்ற பொன்னுசாமி தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாவுக்கு மட்டும் புரியவில்லை.

“அவனுக்குச் சளி புடிச்சிருந்துச்சுங்களா?” என்று கேட்டார்.

சளி இல்லை, பேச அனுமதி கேட்டான் என்றார் கேப்டன். குடுக்கலீங்களா என்றார் அம்மா. பக்கத்தில் இருந்தவன் தட்டவில்லை, கவனித்திருக்கமாட்டான், அது அவன் தப்பு என்றார். அனுமதிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது உங்கள் பையன் தப்பு என்றார். மலை எதிரில் வரும்போது எவனாவது அனுமதி கேட்பானா, கத்தியிருக்க வேண்டும், கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும், அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்றார். இதை எல்லாம் அவர் பொன்னுசாமியிடம் நாய் படுத்திருந்த இடத்தைக் கேட்ட அதே குரலில் சொன்னார்.

அந்த அம்மா துணிப்பையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“பெரியவீங்க பேச்சுக்கு எதுத்துப் பேசாத சாமீன்னு நாந்தானுங்க சொல்லிச் சொல்லி வளத்துனேன்.”

கேப்டன் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணக்குக்கு விடை கிடைத்த மாதிரி அவர் நெற்றி தெளிந்தது. “அப்படியா” என்றார். “அப்ப அது அங்கேருந்து வந்தது. வளர்ப்பு.”

நான் வாயைத் திறந்தேன். அவருடைய ஸ்கேலால் அடிபட்ட அந்தப் பையனின் விரலைப் பற்றிக் கேட்கத்தான் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா குனிந்து அவர் காலைத் தொட்டுவிட்டார். உண்மையைச் சொன்னீர்கள், அது போதும் என்றார். பஸ் போய்விடும் என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார்.

பஸ்ஸில் ஏற்றிவிடும் வரை அவரோடு போனேன். வழியில் சொல்லிவிடலாம் என்று இருந்தது. ஆனால் அந்த வாத்தியார் வீட்டில் என் பேச்சுக்கு என்ன மதிப்பு? இந்த மனுஷன் வாயால் வந்தால்தான் அங்கே செல்லும். ஆகவே திரும்பி நேராகப் பங்களாவுக்குப் போனேன். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

“செருமச் சொல்லிக் குடுத்தது ஆருங்க சார்?” என்றேன்.

“நான்தான்.”

“தட்டுனாத்தான் பேசோணும்னது?”

“நான்தான். ஸ்டூடண்ட்டுக்குச் சொல்லிக் கொடுத்தேன், சிஸ்டர். பைலட்டுக்கு இல்லை.”

அது எந்த நாளிலிருந்து வேண்டாம் என்று அவர்களுக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். அதைச் சொல்ல வேண்டுமா, வளர்ந்தவர்களுக்குத் தெரியாதா என்றார். விரலில் தழும்பு போட்டு அனுப்பினால் எப்படித் தெரியும் என்றேன். இரண்டு பேரும் உங்கள் கையில் வளர்ந்தவர்கள். ஒருவனுக்குப் பேசத் தெரியவில்லை, இன்னொருவனுக்குப் பேசவிடத் தெரியவில்லை. ஓமலூர் வரை ஒருமுறை வாருங்கள். அந்தப் பையனுக்கு அப்படிப் பழக்கியது நான் என்று அவன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், போட்டோ சுவருக்கு ஏறிவிடும் என்று கெஞ்சியும் பார்த்தேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என்னை உட்காரச் சொல்லிப் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் அந்த விமானத்தில் இல்லை. என் கை எதிலும் இல்லை. நான் கற்றுக்கொடுத்த நாளுக்கும் அவர்கள் மோதிய நாளுக்கும் நடுவில் எத்தனை வருஷம் போயிருக்கிறது, அதில் ஒருநாள்கூட அவர்கள் சுயமாக யோசிக்கவில்லை என்றால் அதற்கு நானா பொறுப்பு? என்னிடம் படித்த எத்தனையோ பேர் தினமும் பத்திரமாக இறக்குகிறார்கள், அதற்காக யாராவது மலையேறி வந்து என் காலைத் தொட்டார்களா?

அப்போதுதான் அந்த மனுஷனை எனக்கு முழுசாகப் புரிந்தது. கை செய்ததுதான் அவருக்குத் தப்பு. அதனால்தான் தன் கை நடுங்கிய அன்றைக்கே தன்னை இறக்கிவிட்டார். வாய் கற்றுக்கொடுத்தது அவருடைய விசாரணையில் எந்த நாளும் வராது. காற்றையும் மழையையும் போலத் தன்னையும் அவர் தப்பு செய்யாதவற்றின் பக்கம் நிறுத்திக்கொண்டுவிட்டார்.

மறுநாளும் போய் ஊசி போட்டேன். வேலையை விட்டிருக்கலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நோயாளி எப்படிப்பட்டவன் என்று பார்த்து ஊசி போட ஆரம்பித்தால் ஏற்காட்டில் பாதிப் பேர் செத்துப்போவார்கள் என்று சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு அவரோடு மருந்து தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கீழே இருந்து சனம் மலையேறி வந்த சமயம், அந்த அம்மா என்னைத் தேடி மருந்தகத்துக்கு வந்தார். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். மணலில் வறுத்த நிலக்கடலை. சாருக்குக் கொடுத்துவிடச் சொன்னார். இனிப்பு ஆகாது என்று பையன் எப்போதோ சொன்னானாம், அதனால் வெல்லம் சேர்க்கவில்லை என்றார்.

போட்டோ என்னாச்சு என்று கேட்டேன்.

மாட்டிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போனதுமே கணவரிடம், சார் சொல்லிவிட்டார், வளர்ப்புதான் காரணம், வளர்த்தது நான்தானே என்று சொன்னாராம். மறுநாள் வாத்தியார் தானே சேலத்துக்குப் போய்ப் போட்டோவுக்குப் புதுச் சட்டம் போட்டு வந்து மாட்டினாராம். தினமும் தன் கையாலேயே பூ வைக்கிறாராம். திதியும் கொடுத்தாயிற்று. திதியன்று இந்த அம்மாவை மட்டும் உள்ளே வர வேண்டாம் என்றாராம். இவர் கொல்லைப் பக்கம் நின்றுகொண்டாராம். அன்றிலிருந்து இவர் சமைத்ததை அவர் தொடுவதில்லை. தனியாகப் பொங்கிக்கொள்கிறார். பேச்சும் இல்லை.

“என்னோடதானுங்க பேச்சு இல்ல” என்றார். “பையன் ஊட்டுக்குள்ள வந்துட்டானுங்க. நொம்ப நல்லா விழுந்திருக்குதுங்க அந்தப் போட்டோ. சிரிச்ச மொகமா.”

எனக்குத் தாங்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, அது உங்க வளர்ப்பு இல்லீங்க. அவனுக்கு அப்படிப் பழக்கிவிட்டது…” என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா சட்டென்று தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்திவிட்டார். சின்ன உருவம். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“சொல்லாதீங்க கண்ணு. எனக்கும் கொஞ்சம் புரியாமல்லாம் இல்லீங்க. ஊருக்குப் போற பஸ்ஸிலேயே புரிஞ்சுபோச்சு. நீங்க வேற மாதிரி சொல்லி, சாரு சொன்னது சரியில்லன்னு அவங்கப்பாவுக்குத் தோணுச்சுன்னு வெய்யுங்க. மறுக்கா அவனத்தான் எறக்கிப்போடுவாரு.”

அவரை அனுப்பிவிட்டு மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றைக்கு ஊசிக்கு வந்தவர்கள் வெளியில் வெகுநேரம் காத்திருந்தார்கள்.

மறுநாள் காலை பொட்டலத்தைக் கேப்டன் முன்னால் வைத்தேன். யார் கொடுத்தது என்று சொன்னேன். அந்த வீட்டில் நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். போட்டோவையும், கொல்லைப் பக்கத்தையும், தனி அடுப்பையும் சொன்னேன். அவர் மடியில் பேப்பரை விரித்து, கடலையை உடைத்து, தோலை ஊதி, ஒவ்வொன்றாக மென்றுகொண்டே கேட்டார். நடுவில் ஒருமுறை தலையை ஆட்டினார். நான் முடித்தபோது மெல்லுவதை நிறுத்தினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நின்றேன். வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். ஒரு பருப்பு கருகியிருந்தது.

“வறுத்தவங்க அடுப்பைப் பார்க்கலை, சிஸ்டர்” என்றார்.